எச்சிலில் தேடும் குலம்

எச்சில் என்றால் தீட்டு என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தவர்கள் நாம். ஒரு வீட்டுத் தம்ளரை வேறு ஜாதிக்காரன் உதட்டில் வைத்துக் குடித்துவிட்டால் அந்தத் தம்ளருக்கே ஜாதி போய்விடும் என்று பயந்தவர்கள். அந்த எச்சிலை இன்று ஒரு சின்னக் குழாயில் துப்பி, மூடி போட்டு, தபாலில் அனுப்பி, “நான் யார் வீட்டுப் பிள்ளை, சொல்லுங்கள்” என்று காத்திருக்கிறோம். காலம் செய்கிற வேடிக்கைகளில் இது சற்று ருசியான வேடிக்கைதான். ஆனால் வேடிக்கை பார்ப்பதற்காக நான் இதை எழுத உட்காரவில்லை. எனக்குக் கோபம். யார்மேல் கோபம் என்று சொல்வதற்கு ஓர் அம்மாளின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்திலிருந்து வந்தவர் அந்த அம்மாள். அறுபது வயதைத் தாண்டியவர். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழ் பேச வராது. ஆனால் ‘தாத்தா’, ‘ஆயா’, ‘ரசம்’, ‘காவடி’ என்று சில சொற்கள் அவருடைய இங்கிலீஷுக்கு நடுவே, அரிசியில் கிடக்கும் நெல்லைப்போல் அங்கங்கே வந்து விழும். என் நாவல் ஒன்றில் வட ஆற்காட்டுக் கிராமங்கள் வருகின்றன என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதை நம்பி என்னைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார். நாவலாசிரியன் ஊர்களை இட்டுக் கட்டுகிறவன் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்பதாக இல்லை.

கையில் ஒரு தாள் வைத்திருந்தார். 1889ல் சென்னைத் துறைமுகத்திலிருந்து நேட்டாலுக்குப் போன ஒரு கப்பலின் பிரயாணிகள் ஜாபிதாவில் ஒரு பக்கத்தின் நகல். அதில் ஒரு வரி அவருடைய பூட்டன். எண், பெயர், தகப்பன் பெயர், வயது 22, ஆண், ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள அங்க அடையாளம்: இடது முழங்காலில் தழும்பு. நூற்றுமுப்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு ஒரு மனிதனிடம் மிச்சமிருப்பது முழங்கால் தழும்பு.

இந்த ஜாபிதாக்களைப் பற்றி நம்மவர்களுக்கு அதிகம் தெரியாது. ஆகையால் கொஞ்சம் சொல்கிறேன். 1860ஆம் வருஷம் நவம்பர் 16ந் தேதி ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு போய் டர்பனில் சேர்ந்தது. அதுதான் முதல் கப்பல். 1911ல் இந்திய சர்க்கார் கதவைச் சாத்தும் வரையில், நடுவே எட்டு வருஷம் நின்றிருந்தது போக, 1,52,184 பேர் நேட்டாலுக்குப் போயிருக்கிறார்கள். மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங். அப்புறம் வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் உயர்வு. கரும்புத் தோட்டம், நிலக்கரிச் சுரங்கம், ரயில்வே. ஒவ்வொருவருக்கும் ஓர் எண். கல்யாணம் பண்ணிக்கொண்டாலும், ஒப்பந்தம் முடிந்து விடுதலைச் சீட்டு வாங்கினாலும் அந்த எண் கூடவே வரும். மனிதனை எண்ணாக்கிய கொடுமை அது. ஆனால் அந்தக் கொடுமையின் உபகாரத்தால்தான் இன்று ஒரு கொள்ளுப் பேத்தி தன் பூட்டனின் முழங்காலைத் தெரிந்துகொள்கிறாள். தோட்ட முதலாளிக்குக் கணக்கு வேண்டியிருந்தது, கணக்கு நின்றது.

அந்த அம்மாளும் நானும் ஊர் தேடக் கிளம்பினோம். வாடகைக் கார், ஒரு குடம் தண்ணீர், சித்திரை வெயில். கிராமத்தின் பெயரை எழுதிய குமாஸ்தா, நம் ஆள் வாயால் சொன்னதைத் தன் காதால் கேட்டு இங்கிலீஷ் எழுத்தில் வடித்திருக்கிறான். அந்த எழுத்தில் லகரமும் ளகரமும் ஒன்று. நெடிலும் குறிலும் ஒன்று. ஒரு தாலுகாவுக்குள்ளேயே அந்தப் பெயருக்குப் பொருந்துகிற ஊர்கள் நாலு இருந்தன. நாலாவது ஊரில், பிள்ளையார் கோயில் பக்கத்து வீட்டுத் திண்ணையில், எண்பத்தைந்து வயதுக் கிழவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெயர்களைப் படித்துக் காட்டினேன். தகப்பன் பெயரைச் சொன்னதும் கிழவர் நிமிர்ந்தார்.

“அது எங்க தாத்தாவோட அப்பா பேரு. எங்க தாத்தாவுக்கு ஓர் அண்ணன் இருந்தானாம். சண்டை போட்டுக்கினு கப்பலேறிப் போயிட்டான்னு சொல்லுவாரு. மாட்டை வித்த காசையும் எடுத்துக்கினு போயிட்டானாம்.” கிழவர் அந்த அம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “வா கண்ணு, கிட்ட வா. போனவன் அங்க நல்லா இருந்தானா? கேளுங்க, கல்யாணம் காட்சி ஆச்சாமா?”

நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அந்த அம்மாள் அழுதார். கிழவர் மாட்டுக் காசைப் பற்றி இன்னொரு தடவை ஞாபகப்படுத்தினார். அதற்கும் அந்த அம்மாள் அழுதுகொண்டே சிரித்தார். உள்ளேயிருந்து மோர் வந்தது. கதையை இங்கே முடித்துவிடலாம். நான் சிறுகதை எழுதுவதாக இருந்தால் முடித்திருப்பேன்.

கிழவருடைய மகன் வயலிலிருந்து வந்தார். ஐம்பது வயசு, படித்தவர், நாலு ஊர் விஷயம் தெரிந்தவர். நகலை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். பெயரைப் படிக்கவில்லை, தகப்பன் பெயரைப் படிக்கவில்லை, தழும்பைப் படிக்கவில்லை. அவருடைய விரல் நேரே ஒரு கட்டத்துக்குப் போய் நின்றது. ஜாதி.

“ஐயா, இது எங்க ஆளு இல்லீங்க” என்று தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருந்தது, அவர்கள் என்ன ஜாதி என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்களும் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அதையே பிடித்துக்கொள்வீர்கள். எழுதியிருந்தது அவர்கள் தங்களைவிடத் தாழ்ந்ததென்று நினைக்கிற ஒரு ஜாதி; அவ்வளவு போதும். கிழவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “நீ சும்மா இருப்பா” என்றார் மகன். மோர்த் தம்ளர்களை எடுத்துக்கொண்டு போக வந்த மருமகள் ஒரு விநாடி தயங்கி நின்றதை நான் பார்த்தேன். அந்த அம்மாள் அதைப் பார்க்கவில்லை என்றே நம்புகிறேன்.

அந்த ஜாபிதாவிலேயே நம்பத் தகாத கட்டம் ஒன்று உண்டென்றால் அது அந்த ஜாதிக் கட்டம்தான். மற்றக் கட்டங்களையெல்லாம் நிரப்புவதற்குக் கண் போதும், காது போதும். தழும்பு கண்ணுக்குத் தெரியும். வயதைக் குத்துமதிப்பாகப் போடலாம். ஜாதி எங்கே தெரியும்? டெப்போவில் வரிசையாக நிறுத்திக் கேட்பார்கள். ஆள் பிடிக்கிற தரகன் பக்கத்தில் நிற்பான். அவனுக்குத் தலைக்கு இவ்வளவு என்று காசு. மண்ணில் வளைந்து வேலை செய்கிற ஆள்தான் வேண்டும் என்பது தோட்டக்காரர்களின் உத்தரவு. “விவசாய ஜாதி என்று சொல், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்” என்று அவன் காதில் ஓதினால், 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் ஒட்டிய வயிறோடு நிற்கிறவன் என்ன சொல்வான்? ஊரை விட்டு ஓடி வந்தவன் தன் ஜாதியை மறைக்க நினைத்திருக்கலாம். மாட்டுக் காசோடு வந்தவனுக்கு மறைக்க இன்னும் நல்ல காரணம் இருக்கிறது. கீழே மிதிபட்டுக் கிடந்தவன், கடல் கடந்த பிறகாவது நிமிர்ந்து நிற்கலாம் என்று ஒரு படி உயர்த்திச் சொல்லியிருக்கலாம். எனக்கு அவன்மேல் மரியாதைதான் உண்டாகிறது. இதெல்லாம் போகட்டும். ஆரம்ப காலத்து ஜாபிதாக்களில் அந்தக் கட்டத்தில் ‘மலபார்’ என்று எழுதியிருக்கும். அது வெள்ளைக்காரன் தமிழனுக்கு வைத்திருந்த பெயர். ‘ஜெண்டூ’ என்று எழுதியிருக்கும். தெலுங்கன் என்று அர்த்தம். ‘கிறிஸ்டியன்’ என்று எழுதியிருக்கும். ஜாதி, பாஷை, மதம் மூன்றையும் ஒரே கட்டத்தில் போட்டு வைத்த குமாஸ்தாவின் கையெழுத்தை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, கண் முன்னே நிற்கிற மனுஷியைப் ‘போ’ என்கிறார் நம்மவர்.

டர்பன் டெலிபோன் புத்தகத்தைப் புரட்டியவர்களுக்கு இன்னொன்று தெரிந்திருக்கும். நாயுடு, பிள்ளை, ரெட்டி, படையாச்சி, செட்டி. கவுண்டர் அங்கே ‘கோவெண்டர்’ ஆகிவிட்டார். முதலியார் ‘மூட்லி’ ஆகிவிட்டார். இங்கே ஜாதிப் பட்டங்களாக இருந்தவை அங்கே வெறும் குடும்பப் பெயர்கள். அந்தப் பெயர் வைத்துக்கொண்டவர்கள் எல்லாரும் அந்தந்தக் குலத்திலிருந்து போனவர்கள் அல்லர். கப்பலில் போட்டுவிட்டு வந்த ஜாதியை, இறங்கிய இடத்தில் சட்டை மாட்டிக்கொள்வதுபோல் சிலர் மாற்றி மாட்டிக்கொண்டார்கள். அந்தச் சட்டையை இப்போது பேரன்மார்கள் எடுத்துவந்து, “இது யார் தைத்தது?” என்று நம்மிடம் கேட்கிறார்கள். நாமும் தையற்காரனைத் தேடிக் கொடுக்கப் புறப்பட்டுவிடுகிறோம். பூர்விக ஊர் கண்டுபிடித்துத் தருவதாகக் காசு வாங்குகிற ஆசாமிகளும் முளைத்திருக்கிறார்கள். அவர்கள் கண்டுபிடித்துத் தருகிற பூட்டன்மார்களில் ஒருவர்கூடக் கீழ்ஜாதியாக இருப்பதில்லை. வாடிக்கைக்காரரின் மனசு அறிந்த வியாபாரம்.

அந்த அம்மாள் ஊருக்குத் திரும்பிப் போய்ச் சும்மா இருக்கவில்லை. அவர் ஏற்கனவே எச்சில் பரிசோதனை செய்துகொண்டவர். கிழவருடைய பேரன், அதாவது அந்த மகனுடைய மகன், அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். என் மூலமாக விலாசம் வாங்கி, அவனுக்கு எழுதினார். இந்தக் காலத்துப் பையன். அப்பாவிடம் கேட்காமல் குழாயில் துப்பி அனுப்பிவிட்டான். ஆறு வாரத்தில் பதில் வந்தது. பொருத்தம் இருக்கிறது! 46 சென்டிமார்கன், மூன்று துண்டுகளாக. தாயாதி முறையில் மூன்றாவதிலிருந்து ஐந்தாவது தலைமுறைக்குள் உறவாக இருக்கலாம் என்று கம்பெனி சொல்லியது.

இந்தச் சென்டிமார்கன் என்பது மரபணு இழையை அளக்கிற முழம். நம் இழை முழுவதும் இந்த முழத்தில் ஏறக்குறைய ஏழாயிரம். இரண்டு பேருடைய இழைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தாற்போல் ஒப்பிட்டு, எத்தனை முழம் அப்படியே ஒத்துப்போகிறது என்று பார்க்கிறார்கள். அண்ணன் தம்பி பிள்ளைகளுக்கு எட்டில் ஒரு பங்கு ஒத்துப்போகும். அவர்களுடைய பிள்ளைகளுக்கு முப்பத்திரண்டில் ஒன்று. ஒவ்வொரு தலைமுறைக்கும் நாலில் ஒன்றாகக் குறைந்துகொண்டே போகும். மூன்றாவது முறை உறவில் பத்துக்கு ஒருவருக்கு ஒன்றுமே ஒத்துப்போகாது. நாலாவதில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு ஒத்துப்போகாது. அதாவது, ஒரே பூட்டனுக்குப் பூட்டன் வழியில் சத்தியமாகப் பிறந்த இரண்டு பேர் துப்பினால், “உங்களுக்குள் சம்பந்தமில்லை” என்று யந்திரம் சொல்லக்கூடும். யந்திரத்தின்மேல் தப்பில்லை. இழை அப்படித்தான் அறுந்து அறுந்து வருகிறது. ‘பொருந்தவில்லை, ஆகையால் உறவில்லை’ என்று நினைத்துக்கொண்டு எத்தனை பேர் தேடுவதை நிறுத்தியிருப்பார்களோ!

பொருந்தினால் மட்டும் சங்கதி தீர்ந்துவிட்டதா? அங்கேதான் நம்முடைய கல்யாணங்கள் வந்து குறுக்கே நிற்கின்றன. கம்பெனியின் கணக்கு, அந்நியர் அந்நியரைக் கட்டிக்கொள்கிற வெள்ளைக்காரச் சமூகத்தை வைத்துப் போட்ட கணக்கு. நாமோ அக்காள் மகளைக் கட்டுகிறவர்கள். மாமன் மகள் இருக்கும்போது வெளியில் பெண் எடுத்தால் சண்டைக்கு வருகிறவர்கள். என் தாய்மாமனே எனக்கு மாமனார். அவருக்கு என் பாட்டி தாயாரும் ஆவாள், இன்னொரு வழியில் அத்தையும் ஆவாள். இந்த முடிச்சுக்குள் யந்திரத்தை விட்டால் அதற்குத் தலை சுற்றாதா? ஒரு தூரத்து உறவு நாலு வழியில் வந்து சேர்ந்தால், கிட்டத்து உறவுபோல் முழம் ஏறிவிடும். 46 என்பது அந்தப் பூட்டனின் தம்பி வீடு என்பதற்கு மிகவும் பொருந்துகிற எண்தான். ஆனால் அதே எண், அதற்கு இரண்டு தலைமுறை முந்திய மூன்று நாலு பந்தங்கள் சேர்ந்த எண்ணாகவும் இருக்கலாம். எச்சில் அந்தக் கூட்டத்தின் வாசலைக் காட்டும். எந்த வீட்டுத் திண்ணை என்று காட்டாது. திண்ணையைக் காட்டியது கிழவரின் ஞாபகம், முக்கியமாக அந்த மாட்டுக் காசு.

எச்சில் சொல்லாத இன்னொன்றும் உண்டு. அது ஜாதி. ‘இன்ன ஜாதி’ என்று எழுதிய துண்டு எதுவும் இழையில் கிடையாது. கூட்டத்துக்குள்ளேயே கொள்வினை கொடுப்பினை செய்துகொண்டதன் சுவடு உண்டு. அது வேறு விஷயம். 2013ல் ஹைதராபாத் ஸி.ஸி.எம்.பி. ஆராய்ச்சிச் சாலைக்காரர்களும் அமெரிக்காவில் ஹார்வர்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. சுமார் 4,200 வருஷத்திலிருந்து 1,900 வருஷத்துக்கு முன்பு வரையில் இந்த நாட்டு ஜனங்கள் தாராளமாகக் கலந்திருக்கிறார்கள். மேல் என்றும் கீழ் என்றும் சொல்லிக்கொள்கிறவர்கள் எல்லாரிடமும் அந்தக் கலப்பு இருக்கிறது. அதற்குப் பிறகுதான் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கதவைச் சாத்தியதற்குக் கொடுத்த விலையை 2017ல் இன்னோர் ஆராய்ச்சி சொல்லியது. எடுத்துக்கொண்ட 263 கூட்டங்களில் 81 கூட்டங்கள் மிகச் சில முன்னோர்களிடமிருந்து பெருகியவை. பரம்பரை நோய்கள் தங்கிவிடுவதற்கு வசதியானவை. ரத்த சுத்தம் என்று நாம் மார்தட்டுவதற்கு வைத்தியன் வைத்திருக்கும் பெயர் அது.

சரி, 46 வந்ததும் என்ன நடந்தது? ஊரிலிருந்து மகன் எனக்கு டெலிபோன் செய்தார். பிள்ளை சொல்லிவிட்டிருக்கிறான். “ஐயா, பொருந்துதுன்னா என்ன அர்த்தம்? எங்க பெரிய தாத்தா எவளையாவது வெச்சிருந்திருப்பாரு. அந்த வழியில வந்திருக்கும். அதுக்காக எங்க பங்காளின்னு ஆயிடுமா? நிலத்துல பாத்தியதை கேப்பாங்களா?” இதுதான் அவருடைய கேள்வி. ரத்தம்தான் குலம் என்று இவ்வளவு நாள் சொல்லி வந்தவர், ரத்தம் வந்து கதவைத் தட்டியதும், ரத்தம் போதாது, தாலி எங்கே என்கிறார். காகிதம் தனக்குச் சாதகமாக இருந்தபோது காகிதம் பேசியது. எச்சில் பாதகமாக இருந்தால் எச்சில் பொய். குமாஸ்தா தப்பாக எழுதியிருப்பான் என்றோ, ஓடிப்போனவன் பொய் சொல்லியிருப்பான் என்றோ அவர் ஒரு கணம் நினைத்திருக்கலாம். அது அவருக்கே சௌகரியமான பதில். ஆனால் அவருக்கு முதலில் தோன்றியது, முகம் தெரியாத ஒரு பெண்ணை வைப்பாட்டியாக்கிவிடுவது.

அவர்மேல் எனக்குக் கோபம் என்றுதான் நினைத்திருப்பீர்கள். அந்த அம்மாளின் கடிதம் வரும் வரையில் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 46 பொருந்திய சந்தோஷத்தை இரண்டு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் கேட்கிறார்: “அப்படியானால் ஜாபிதாவில் எழுதியிருப்பது தப்புதானே? எங்கள் உண்மையான ஜாதி அவர்களுடையதுதானே? என் தம்பிக்கு இது மிகவும் முக்கியம்.” ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், நிறவெறிச் சட்டத்தின் கீழ் வாழ்ந்தவர்கள், 1950ல் வந்த ஜனத்தொகைப் பதிவுச் சட்டத்தின்படி ‘வெள்ளை’, ‘கறுப்பு’, ‘கலப்பு’ என்று சர்க்கார் முத்திரை குத்தியதை உடம்பில் அனுபவித்தவர்கள், 1991ல் அந்தச் சட்டம் ஒழிந்தபோது தெருவில் இறங்கி ஆடியவர்கள். கட்டத்திலிருந்து தப்பித்து வந்தவர், இன்னொரு கட்டத்துக்குள் நல்ல இடம் கிடைக்குமா என்று விசாரிக்கிறார். எனக்கு அந்தக் கடிதத்தை மடித்து வைக்கவே கை கூசியது.

“நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக்கூடாது என்கிறீரா?” என்று கேட்பீர்கள். இல்லை. அந்தப் பழமொழியைச் சொல்லித் தப்பித்துக்கொள்கிற ஜாதி நான் அல்ல. மூலம் பார்க்க வேண்டாம் என்பவர்கள் பெரும்பாலும் தங்கள் மூலத்தைப் பத்திரமாக எழுதி வைத்திருப்பவர்கள்தாம். நம் ஊரில் யாருக்குக் காகிதம் இருக்கிறது? நிலம் இருந்தவனுக்கு இருக்கிறது. செட்டில்மெண்டு ரிஜிஸ்தரில் பட்டாதாரர் பெயர் இருக்கும். அவன் வயலில் உழைத்தவன் பெயர் இராது. 1860களில் பிறந்த பண்ணையாளுக்குப் பிறப்புச் சீட்டு ஏது? கிராமத்தில் ஜனன மரணக் கணக்கு ஒழுங்காக எழுத ஆரம்பித்ததே பிற்பாடு. அப்படியிருக்கையில், கப்பலேறியவன் பெயர் ஒரு தாளில் எழுதப்பட்டிருக்கிறதென்றால், பல பேருக்கு அதுவே அவர்கள் குலத்தில் எழுதப்பட்ட முதல் எழுத்து. தேடட்டும்; எல்லாரும் தேடட்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தூசி தட்டட்டும்; குழாயில் துப்பட்டும். 2024 மார்ச்சில் குடியரசுத் தலைவர் மொரீஷியஸ் போயிருந்தபோது, அங்கே ஏழாவது தலைமுறை வரையில் உள்ள இந்திய வம்சாவளியினருக்கும் கடல் கடந்த இந்தியர் அட்டை கிடைக்கும் என்று அறிவித்தார். நல்ல காரியம். அதற்கும் பழைய ஜாபிதாதான் கைகொடுக்க வேண்டும்.

ஆனால் காகிதத்தை மனிதனுக்கு மேலே தூக்கி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நான் ஆப்பிரிக்கா போக வேண்டியதில்லை. பாக் ஜலசந்தியைத் தாண்டினால் போதும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நம் ஜனங்கள் போனது கங்காணிகளின் பின்னால். நேட்டால்போல் ஆளுக்கொரு வரி எழுதிய ஜாபிதா அங்கே இல்லை. ஆளைக் கொண்டுபோய்ச் சேர்க்கத் தகரச் சீட்டு ஒன்று கொடுத்தார்கள்; அதில் இருந்தது எந்தத் தோட்டம் என்பதற்கான அடையாளம். 1948ல் சுதந்திர இலங்கை ஒரு பிரஜா உரிமைச் சட்டம் போட்டது. உன் தகப்பன் இங்கே பிறந்தான் என்று காட்டு. அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்கள் என்று காட்டு. தேயிலைச் செடிக்குள் பிரசவித்தவள் எந்த ரிஜிஸ்தரில் எழுதினாள்? லட்சக்கணக்கான பேர் ஒரே நாளில் நாடில்லாதவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிரிமாவோவும் உட்கார்ந்து, 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு, பாக்கி 1,50,000 பேரை அப்புறம் பார்க்கலாம் என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள். நாடில்லாமல் மிஞ்சியவர்களுக்குக் கடைசியாக வழி பிறந்தது 2003ஆம் வருஷத்துச் சட்டத்தில். ஐம்பத்தைந்து வருஷம்! கேட்டதெல்லாம் ஒரு தகப்பன் பெயருள்ள தாள். கிழவரின் மகன் தாளைத் திருப்பிக் கொடுத்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. அவரிடம் அதிகாரம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இலங்கைச் சட்டம் தகப்பன் வழியை மட்டும் கேட்டதைக் கவனித்தீர்களா? அந்த அம்மாளும் அதையேதான் கேட்டார். மனிதனுக்குப் பூட்டன்மார் நாலு பேர், பூட்டிமார் நாலு பேர். அவர் ஜாபிதாவில் தேடியது எட்டில் ஒருவரை. குடும்பப் பெயர் தந்தவரை. மற்ற ஏழு பேரை என்ன செய்வது?

அவருக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் அந்த நகலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பூட்டனின் வரிக்கு இரண்டு வரி கீழே ஒரு பெண். வயது 19. கூட வந்த கணவன் இல்லை, தகப்பன் இல்லை, பிள்ளை இல்லை. நூறு ஆணுக்கு நாற்பது பெண் வேண்டும் என்று சர்க்கார் விதி வைத்திருந்ததால், தனியாக வருகிற பெண்களுக்குத் தரகர்களிடம் கிராக்கி இருந்தது. விதவையோ, புருஷனை விட்டு வந்தவளோ, பஞ்சத்தில் எல்லாரையும் பறிகொடுத்தவளோ, வெறுமனே தைரியசாலியோ, நமக்குத் தெரியாது. தகப்பன் பெயர் இருக்கிறது. ஜில்லா, செங்கல்பட்டு. வலது புருவத்தின் மேல் ஒரு மச்சம். ஜாதிக் கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கிறது.

அந்த அம்மாளுக்கு இப்படி எழுதினேன்: ‘உங்கள் தம்பியின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கிழவர் மட்டும் தபாலாபீஸ் பையன் மூலமாக இரண்டு தடவை விசாரித்தார்; அவருக்கு உங்கள் போட்டோ ஒன்று வேண்டுமாம். உங்கள் பூட்டன் டர்பனில் யாரைக் கல்யாணம் செய்துகொண்டார் என்று குடும்பத்தில் யாருக்காவது தெரியுமா? அந்தக் கல்யாணப் பதிவில் இரண்டு எண்கள் இருக்கும். பெண்ணின் எண் என்ன என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். தாயின் தாயின் தாயாக அவள் உங்களுக்கு வந்திருந்தால், அந்த வழியை மட்டும் தனியாகச் சொல்கிற பரிசோதனையும் இருக்கிறது. கூட வருவதற்கு நான் தயார். செங்கல்பட்டு ஜில்லாவில் அந்தப் பெயருக்கு எத்தனை ஊர் இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்திருக்கிறேன், இதுவரை மூன்று.’

பதில் இன்னும் வரவில்லை.